சுபாஷினிக்கு நிருஷாவைப் பிடிக்காத காரணங்கள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் ஷபீகா ஒரு பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அங்கே நிருஷா வேலைக்கு வந்த முதல் கிழமையே அங்கேயே பல வருசமாக வேலை செய்யும் சுபாஷினிக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. அதற்குக் காரணங்கள் நிறைய இருந்தன. சேலை உடுத்திவிடும்போது நிருஷா பின்களை வாயில் கவ்விக்கொண்டே கதைப்பாள். சீப்பில் சிக்கிய முடியை எடுக்காமல் அப்படியே மேசையில் போடுவாள். வருகிறவர்கள் எல்லாரும் அவளுக்குச் 'செல்லம்'தான், பேரப்பிள்ளை கண்ட ஆன்ரிமார் உட்பட. போதாததற்கு எந்நேரமும் ஏதோவொரு பாட்டை முனகுவாள். அதையும் முழுதாக முனகமாட்டாள். பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள்.

இதையெல்லாம் சுபாஷினி வீட்டுக்குப் போய்ப் புருசனிடம் கொட்டுவாள்.

"அவள் பாடினா உமக்கென்னப்பா?" என்று கேட்பார் சந்திரகுமார்.

தனக்கென்ன என்பதை அவள் சொன்னதில்லை. மணப்பெண் அலங்காரம் என்றால் அந்தப் பக்கத்தில் சுபாஷினி என்றிருந்தது ஒரு காலம். இப்போது போன் எடுக்கிறவர்கள் நிருஷாவுக்கு அந்தத் திகதி சரிவருமா என்றுதான் முதலில் கேட்டார்கள். அவளுடைய பெயரைத் தன் கையாலேயே அப்பொயின்ட்மென்ட் கொப்பியில் எழுதும்போது சுபாஷினியின் நெஞ்சுக்குள் சூடாக ஏதோ ஏறும்.

அதையும் அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாத ஒன்று கொட்டாஞ்சேனையில், அக்கா றஞ்சிதத்தின் வீட்டில் நடந்தது. அக்காவின் மகள் ஆரணிக்குக் கல்யாணம் முற்றாகி, நாளும் குறிக்கப்பட்டிருந்தது. சுபாஷினிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். பள்ளிக்கூடத்து நடனத்துக்கும் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்தியச் சடங்குக்கும் அவள் ஆசையோடு சோடித்துப் பார்த்தது ஆரணியைத்தான். கல்யாணத்துக்கு என்ன கொண்டை போடுவது என்பதுவரை மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தாள்.

"சித்தி, குறை நினைக்காதேங்கோ. நான் நிருஷா அக்காவைப் புக் பண்ணிட்டன்" என்றாள் ஆரணி.

"அதுக்கென்ன, அவள் நல்லாச் செய்வாள்" என்று சொல்லிவிட்டுச் சுபாஷினி தேத்தண்ணியைக் குடித்தாள். மறுநாள் பார்லரில், சீப்பில் கிடந்த முடிக்காக நிருஷாவை ஆட்கள் முன்னிலையில் பேசித் தீர்த்தாள். "இது கடையோ குப்பைமேடோ?" நிருஷா, "சொறி அக்கா" என்று சீப்பைத் துடைத்து வைத்தாள். சற்று நேரத்தில் பழையபடி முனகத் தொடங்கினாள். திருப்பிச் சண்டை பிடித்திருந்தாலாவது ஆறியிருக்கும்.

கல்யாணம் பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டுமுன், மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த கூறைச்சேலையை வாங்கிக்கொண்டு ஆரணி மணவறையிலிருந்து எழுந்து, அதை உடுத்த அறைக்கு வந்தாள். நிருஷா நகைப்பெட்டியைத் தேடி வெளியே போன இடைவெளியில், அடக்கி வைத்திருந்தது சுபாஷினியின் வாயில் வந்துவிட்டது.

"ஏன் பிள்ளை என்னை விட்டனீ? நான் அவளைவிடக் குறைச்சலோ?"

ஆரணி கண்ணாடிக்குள்ளால் அவளைப் பார்த்தாள். "குறைச்சலெண்டு ஆர் சொன்னது? ஆனா சித்தி, என்ர சாமத்தியவீட்டு அல்பத்தை எடுத்துப் பாருங்கோ. அசையாத, குனியாத, சிரிக்காத எண்டு பேசிக்கொண்டே இருந்தனீங்கள். எல்லாப் போட்டோவிலயும் எனக்கு அழுத முகம். இண்டைக்கு எனக்குச் சிரிக்க வேணும்."

சுபாஷினி அந்த அல்பத்தை எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிறாள். பின்னலில் தான் வைத்த சடைநாகத்தையும் பூவேலையையும்தான் காட்டியிருக்கிறாள். முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள், ஞாபகம் வரவில்லை.

நிருஷா திரும்பி வந்து பின்களை வாயில் கவ்விக்கொண்டாள். வெளியே ஐயர் அவசரப்படுத்தினார். அவளோ பின்களுக்கிடையால் ஏதோ சொல்லிக்கொண்டே கொசுவத்தை மடித்தாள். ஆரணி விழுந்து விழுந்து சிரித்தாள். சேலை ஏறிவிட்டது. ஆனால் அடிக்கொசுவத்தில் ஒரு மடிப்பு கோணிக் கிடந்தது. சுபாஷினியின் கை தானாக நீண்டது.

"அக்கா, ஒருக்காப் பாருங்கோ, சரியோ?" என்று நிருஷா அவளைக் கேட்டாள்.

மாதக்கணக்காக அவள் காத்திருந்த கேள்வி அது. அறை வாசலில் காத்து நின்ற சொந்தக்காரர் முன்னிலையிலேயே அந்த மடிப்பைச் சுட்டிக் காட்டியிருக்கலாம். சுபாஷினி மடிப்பைப் பார்த்தாள். பிறகு ஆரணியின் முகத்தைப் பார்த்தாள்.

"சரி. கூட்டிக்கொண்டு போ."

மேளம் உச்சத்துக்கு ஏற, தாலி ஏறியது. அந்த மடிப்பு ஒருவர் கண்ணிலும் படவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா, "ஆர் உடுத்தினது? பொம்பிளை நல்ல வடிவு" என்று கேட்க, றஞ்சிதம் நிருஷாவைக் கையால் காட்டினாள். சுபாஷினிக்கு வயிறு எரிந்தது. பொறாமையென்று அதற்குப் பெயர் என்பதை அன்றுதான் தனக்குள் ஒப்புக்கொண்டாள். இவ்வளவு நாளும் சீப்பின் மேலும் பாட்டின் மேலும் அல்லவா பழியைப் போட்டுக்கொண்டிருந்தாள்!

சாப்பாட்டுக்கு முன் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். படியேறப்போன சுபாஷினியை நிருஷா பின்னாலிருந்து பிடித்து நிறுத்தினாள்.

"நில்லுங்கோ அக்கா, தோள் சரிஞ்சு கிடக்கு."

அவள் தலைப்பை எடுத்து மடித்துத் தோளில் ஒழுங்காக வைத்துக் குத்திவிட்டாள். ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் உடுத்திவிட்ட சுபாஷினிக்கு வேறொருவர் கை பட்டு எவ்வளவோ காலம். அசையாமல் நின்றாள்.

"நீயும் வா, வந்து நில்" என்றாள்.

"ஐயோ, இது உங்கட குடும்பப் படமெல்லோ?"

"வா எண்டா வா."