றாசிக் காக்கா சொன்ன விலாசம்

றாசிக் காக்கா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது. அவருடைய மூத்த சகோதரி, ராத்தாவின் மகன்தான் அழைப்பு எடுத்தான். "மாமா காலையில படுத்த இடத்திலேயே போயிட்டாங்க. அவங்கட போனில ஒங்கட நம்பர் இரிந்திச்சு, அதான் எடுத்த" என்றான். இன்னாலில்லாஹி சொன்னேன். நாள் முழுக்கத் தொலைபேசியில் கதைத்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தப் பிள்ளையிடம் ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

யுத்தம் முடிந்த வருடம், கல்முனையில் அந்த வங்கியின் மாடியில், வாடிக்கையாளர் தொலைபேசிப் பிரிவில் நாங்கள் எட்டுப் பேர் பயிலுநர்களாக இருந்தோம். அவரையும் என்னையும் கழித்தால் மிச்சம் ஆறு பேர். அந்த ஆறு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் சிலருக்கு 'அந்த வயசான பயிலுநர்' என்ற அளவில்தான் அவரை ஞாபகம் இருக்கும். அவரை ஏன் நிரந்தரமாக எடுக்கவில்லை என்று நீங்கள் அப்போது கேட்டீர்கள். தெரியாது என்று சொன்னேன். பிறகு தெரிய வந்தது. அதை நான் உங்களிடம் சொல்லவேயில்லை.

நாங்கள் எல்லாரும் இருபது, இருபத்தொன்று. அவருக்கு முப்பத்தெட்டு. சுனாமியில், கடல் அடித்ததில் பாதிக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை என்று வங்கி அறிவித்திருந்ததால் அந்த வயதிலும் எடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் அவரால் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. "வணக்கம், உங்களுக்கு எவ்வாறு உதவலாம்?" என்று தொடங்க வேண்டும் என்று பத்துத் தடவை படித்துத் தந்திருந்தார்கள். மணி அடித்ததும் மனிதர் பதறிப்போய், வீட்டில் எடுக்கிற மாதிரி, "ஆரு? செல்லுங்க!" என்றார். அந்தப் பக்கம் இருந்தவரும் ஊர்க்காரர் போல. அவரும் ஒன்றும் யோசிக்காமல் "நான்தான் காக்கா" என்று விசயத்தைச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தட்டச்சு அவருக்கு வரவே வராது. "கோழி கொத்துற மாதிரி அடிக்கிறீங்க காக்கா" என்பேன். என் வாய் அப்படி. அவர் கோபிக்க மாட்டார். "கோழியும் கடைசியில வயித்த நிரப்புதுதானே தங்கச்சி" என்பார். கொஞ்சம் கொஞ்சமாக அவருடைய கணினி வேலைகளை நானே செய்து கொடுக்கிற வழக்கம் வந்தது. என் விரல்கள் வேகமானவை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

அவருடைய கதையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் கேட்டதுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்விடுவார். அவருடைய மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு சாய்ந்தமருதில், கடலுக்கு முதல் வரிசையில். அன்றைக்குக் காலையில் அவர் சம்மாந்துறைச் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது மனைவியும் இல்லை, மகளும் இல்லை, வீடும் இல்லை. மனைவியின் ஜனாஸா கிடைத்தது. மகளுடையது கிடைக்கவில்லை.

மனைவி போனால் எங்கள் ஊர் ஆணுக்குப் போக்கிடம் இல்லை. அவர் சம்மாந்துறையில் ராத்தா வீட்டு முன் மண்டபத்தில் ஒரு பாய் போட்டுப் படுத்தார். அங்கே வளர்ந்த குமர்ப் பிள்ளைகள் மூன்று பேர். அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று விடிய சுபஹுக்கு எழும்பிப் போனால் இரவு இஷாவுக்குப் பிறகுதான் வீட்டுக்குப் போவார். சாப்பாடு கடையில். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பஸ்ஸில ஏறி அக்கரைப்பற்று மட்டும் போவன். பிறகு வருவன்" என்றார். என்ன வேலையாக என்று கேட்டதற்கு, "ஒரு வேலையுமில்ல" என்றார்.

நிரந்தர நியமனம் கிடைத்தால் கல்முனையில் ஓர் அறை வாடகைக்கு எடுப்பது, அது ஒன்றுதான் அவருடைய எண்ணம். எங்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிள், நகை, கலியாணம் என்று ஆயிரம் ஆசை. அவருக்கு ஒன்றே ஒன்று. "ஒரு திறப்பு என்ட சட்டைப் பையில இரிக்கணும் தங்கச்சி. நான் தொறந்து நான் பூட்டணும். அவ்வளவுதான்" என்றார்.

மே மாதம் யுத்தம் முடிந்த பிறகு, இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களிலிருந்து அழைப்புகள் வரத் தொடங்கின. புத்தகம் இல்லை, அட்டை இல்லை, என் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று கேட்பார்கள். நாங்கள் மூன்று கேள்வி கேட்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம், தாயின் பெயர், பதிவில் உள்ள விலாசம். ஒன்று பிழைத்தாலும் மன்னிப்புக் கேட்டு வைத்துவிட வேண்டும். ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம். நான் அழைப்பை வெட்டிவிடுவதில் கெட்டிக்காரி. அந்த மாத மதிப்பெண்ணில் முதலாவது வந்தேன் என்று இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

ஒருநாள் றாசிக் காக்காவுக்கு ஒரு வயதான அம்மாவின் அழைப்பு வந்தது. விலாசம் கேட்டதும் தடுமாறி நின்றுவிட்டா. ஒலிவாங்கியைக் கழற்றி வைத்துவிட்டு நான் பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இடம் பெயர்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருகிறா என்பது அவருடைய பதில்களில் விளங்கியது. "ஓம் அம்மா, அது கொட்டில். அதுக்கு முதல்? ஓம். அதுக்கும் முதல்? அவசரமில்லம்மா, யோசிச்சுப் பாருங்க. நான் இரிக்கன்." பதினாறு நிமிடம். கடைசியில் அந்த அம்மா தன் முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டா. பதிவில் இருந்ததும் அதுதான். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். "நாலு நிமிசம் எண்டா நாலு நிமிசம் றாசிக்!" அதற்கு அவர், "சேர், அந்த மனிசி ஊட்டத் தேடிட்டு இரிந்தா. இடையில எப்பிடி வெட்டுற?" என்றார். மேற்பார்வையாளர் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அவருக்கு மதிப்பெண் குறைக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

வருட முடிவில் தலைமையகத்திலிருந்து படிவம் வந்தது. நிரந்தரமாக எடுக்கிறவர்களுக்குக் கடிதம் நேரே வீட்டுக்கு வரும், பதினான்கு நாளுக்குள் பதில் போட வேண்டும் என்றார்கள். வழக்கம் போல அவருடைய படிவத்தை நான்தான் அடித்தேன். பெயர், பிறந்த திகதி எல்லாம் முடிந்து, "விலாசம் காக்கா?" என்றேன். எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் சாய்ந்தமருது கடற்கரை வீதி வீட்டை இலக்கத்தோடு சொன்னார்.

என் விரல் நின்றது. அந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். ஒரு கிணற்றுக் கட்டு, இரண்டு படி, அவ்வளவுதான். மற்றவர்களிடம் நாள் முழுக்கக் கேட்டுப் பழகிய கேள்வி அது. பதிவில் உள்ளதைச் சொன்னால் சரி என்று அவர் மனதுக்குள் பதிந்துவிட்டதா, ராத்தாவின் வீட்டைத் தன் வீடு என்று சொல்ல வாய் வரவில்லையா, தெரியாது. "காக்கா, அங்க கடிதம் வருமா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். நாலே சொல். கேட்டால் அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். ஓர் ஆண் அழுதால் எங்கே பார்ப்பது என்று எனக்கு அந்த வயதில் தெரியாது. அதோடு பசி வேறு. அடித்து அனுப்பிவிட்டேன்.

எனக்குக் கடிதம் வந்தது. உங்களில் மூன்று பேருக்கும் வந்தது. அன்றைக்கு அவர் மஸ்கற் இனிப்பு வாங்கி வந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? ஒரு கிழமை இருந்தார், இரண்டு கிழமை இருந்தார். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தன்னை எடுக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். பதில் இல்லை, விருப்பமில்லை போல என்று தலைமையகம் நினைத்துக்கொண்டது. மேற்பார்வையாளர் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். பயிற்சிக் காலம் முடிந்த நாள் பின்னேரம் றாசிக் காக்கா கதிரையை மேசைக்குள் தள்ளிவிட்டு, "அப்ப வாறன்" என்று போனார். நான் அழைப்பில் இருந்தேன். கையை மட்டும் காட்டினேன்.

ஏழு மாதம் கழித்துத் தலைமையகத் தபால் கட்டோடு ஒரு கடித உறை எங்கள் மாடிக்கு வந்தது. அதன் மேல் தபால்காரரின் கையெழுத்தில் 'இவ்விலாசத்தில் வீடு இல்லை' என்றிருந்தது. உள்ளே றாசிக் காக்காவின் நியமனக் கடிதம்.

சனிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு மாவடிப்பள்ளி வழியாகச் சம்மாந்துறைக்குப் போனேன். அவர் ஒரு அரிசி ஆலையில், வருகிற உழவு இயந்திரங்களின் இலக்கம் எழுதுகிற வேலையில் இருந்தார். தலை, புருவம் எல்லாம் உமித் தூசு. கடிதத்தை இரண்டு தரம் வாசித்து, மடித்தார். "அந்த விலாசத்த அடிச்ச நான்தான் காக்கா. அங்க ஊடில்ல எண்டு தெரிஞ்சுதான் அடிச்ச" என்று சொல்லிவிட்டு நான் அழுதேன். அவர் அழவில்லை.

"செல்லித் தந்தது நான்தானே, புள்ள" என்றார்.

"வாங்க, வங்கியில போய்க் கதைப்பம். விளங்கப்படுத்தினா எடுப்பாங்க."

"அந்தக் கதிரையில இப்ப ஒரு புள்ள இரிக்கும்தானே. அத எழும்பச் செல்லவா?"

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்: "தபால்காரர் அந்த இடம் மட்டும் போயிரிப்பாரா தங்கச்சி?"

"போயிருப்பார் காக்கா. போகாம எப்பிடி எழுதுவார்?"

"சைக்கிள் மணி அடிச்சிரிப்பாரா?"

"அடிச்சிருப்பார்."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அல்லாஹ் அறிய, பொய் சொல்லவில்லை. "இவ்வளவு காலமா அந்த வாசல்ல வந்து ஒருத்தரும் என்னக் கூப்பிடல்ல" என்றார்.

அதற்குப் பிறகு பெருநாளுக்குப் பெருநாள் அவர்தான் தொலைபேசி எடுப்பார். நான் ஒருநாளும் முந்தி எடுத்ததில்லை. அவர் குரலைக் கேட்டால் உறை ஞாபகம் வரும், அதனால் சுருக்கமாக முடித்துவிடுவேன். அவருடைய பையில் கடைசி வரைக்கும் ஒரு திறப்பு இருக்கவில்லை. ஆலையின் பின்பக்கத்து அறை ஒன்றில் இன்னும் இரண்டு பேரோடு படுத்தார். நோய் வருத்தம் கூடிய பிறகு திரும்பவும் ராத்தா வீட்டு மண்டபம். இவ்வளவும் எனக்குத் தெரியும், அரை மணித்தியாலப் பஸ் தூரத்தில் இருந்துகொண்டு.

மௌத்து வீட்டுக்குப் போனபோது ஆண்கள் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குப் பள்ளிவாசலில் விபரம் கேட்டிருந்தார்கள். "எந்த இடம் எண்டு போடுற? சம்மாந்துறை எண்டே குடுப்பமா? இஞ்சயே அடக்கலாம்தானே" என்றார் ஒருவர். எல்லாரும் தலையாட்டினார்கள். ராத்தாவின் மகன் அப்படியே எழுதப் போனான். நான் அந்தக் குடும்பத்துக்கு யாரும் இல்லை, பெண் வேறு. ஆனாலும் உள்ளே போய் ராத்தாவின் கையைப் பிடித்துக் கேட்டுவிட்டேன்: "ராத்தா, காக்கா தன்ட ஊடு எண்டு எதச் செல்றவர்?"

ராத்தா என்னை நிமிர்ந்து பார்த்தா. அதுவரைக்கும் அழாமல் இருந்த மனிசி அப்போதுதான் குரலெடுத்து அழுதா. "ஒருநாளும் இந்த ஊட்டச் செல்லல்லயே புள்ள! பொண்டாட்டிட ஊட்டத்தான் செல்லுவான், கடலுக்குப் போன ஊட்டத்தான்!"

பின்னேரம் அஸருக்குப் பிறகு சாய்ந்தமருதில், அவருடைய மனைவி கிடக்கிற மையவாடியில் அடக்கினார்கள். அறிவித்தது எனக்குக் கேட்டது. சாய்ந்தமருது, கடற்கரை வீதியைச் சேர்ந்த றாசிக் என்றார்கள்.

புதிதாக வருகிற பயிலுநர்களுக்கு இப்போது நான்தான் பழக்குகிறேன். விலாசம் கேட்டால் அதோடு நிற்க வேண்டாம், அங்கே இப்போது இருக்கிறீர்களா என்றும் கேளுங்கள், அழுதால் அழட்டும், நேரம் போனால் போகட்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். நல்ல பழக்கம் என்று மேலிடத்திலும் பாராட்டுகிறார்கள். றாசிக் காக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். அதற்காக ஓர் அறையை இழந்தவர் அவர். கதிரையில் இருப்பது நான்.