மஞ்சள் கோடு போட்டது யார்?

போன வருஷம் ஆடி மாதம், திருப்பூரில் நான் செக்கிங் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொடங்கியது இது. எங்கள் கம்பெனியில் காலையில் உள்ளே போகும்போதே போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டுக்குத்தான் கையில் கிடைக்கும். கிடைத்ததும் நான் முதலில் திறப்பது கதைப் புத்தகத்தைத்தான்.

அதைப் படிக்கும் ஆப்பைப் போனில் போட்டுக் கொடுத்தவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள். ஒரு புத்தகம் வாங்கினால் போதும், அவள் போனிலும் என் போனிலும் படிக்கலாம். ஒருத்தர் ஒரு வரிக்குக் கோடு போட்டால் மற்றவர் போனிலும் அந்த வரி மஞ்சளாகத் தெரியும். கட்டிங் மிஷினில் வலது கையில் இரண்டு விரலை இழந்துவிட்டு வீட்டில் இருந்த என் வீட்டுக்காரர் போனிலும் போட்டுவிட்டாள். அவரோ செய்தித்தாளைக்கூடப் புரட்டாத மனுஷன். பேருக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாளில் புதுக் கோடுகள் வர ஆரம்பித்தன. முதலில், "யாரிடமும் சொல்லிப் பயனில்லை" என்ற வரி. மறுநாள், "நான் எல்லாருக்கும் பாரம்." அன்றைக்குச் சோற்றில் கை வைத்தபடியே திறந்தால், "நான் இல்லாமல் போனால் இவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்." அதற்கும் கோடு.

என் மகள்தான் இப்படிக் கோடு போடுகிறாள் என்று நினைத்துச் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டேன். வாரம் ஒரு தடவை பேசுகிற பிள்ளை, இரண்டு மூன்று நாளாகக் காலையும் மாலையும் போன் செய்து "சாப்பிட்டியாம்மா, தூங்கினியாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தது வேறு நினைவுக்கு வந்தது. உடனே கூப்பிட்டேன். போனை அணைத்து வைத்திருந்தாள். சூப்பர்வைசரிடம் பர்மிஷன் கேட்கப் போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கெளம்புங்கக்கா, அப்பறம் பேசிக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்.

கோயம்புத்தூர் பஸ் அவிநாசி தாண்டுவதற்குள் நான் வேண்டாத தெய்வமில்லை. என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. மார்க்கைத் தவிர அவளிடம் ஒரு நாளாவது வேறு ஏதாவது கேட்டிருக்கிறேனா?

ஹாஸ்டல் வாசலில் என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு அவள்தான் அழுதாள்.

"உனக்கு என்னம்மா ஆச்சு? ஏன் இப்படியெல்லாம் கோடு போடுற?" என்று கேட்டாள்.

"நானா? நீ போடலையா?"

"சத்தியமா இல்லம்மா. நீதான்னு நெனச்சு பயந்துபோய்த்தான் தினம் போன் பண்ணேன். க்ளாஸ்ல இருந்ததால மத்தியானம் போன ஆஃப் பண்ணி வெச்சிருந்தேன்."

ஒரு நொடி நிம்மதியாக இருந்தது. மறு நொடி இருவருக்கும் ஒரே முகம் நினைவுக்கு வந்தது. காகிதப் புத்தகமாக இருந்தால் பென்சில் கோட்டைப் பார்த்தே யார் போட்டது என்று சொல்லியிருப்பேன். இதில் யார் போட்டாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. பக்கத்திலேயே குடியிருக்கும் எங்கள் வீட்டு ஓனர் அம்மாவைக் கூப்பிட்டு, ஓடிப்போய்ப் பார்க்கச் சொன்னேன். "போன வெக்காதீங்க கண்ணு, பாக்கறேன்" என்றார். அவர் நடக்கும் செருப்புச் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"ஊட்டுலதானுங்க இருக்கறாரு, கதவத் தொறந்துட்டாரு. இந்தாங்க, பேசுங்க."

அவர் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க கோடு போட்டதெல்லாம் எங்க போன்லயும் வருது" என்றேன். அதற்கு அவர், "யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்" என்றார்.

மகளையும் கூட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். மறுநாள் மூன்று பேரும் டாக்டரிடம் போனோம். இப்போது தேறிவிட்டார், படிப்பதையும் விடவில்லை. ஒரே அறையில் என்னோடு படுத்து எழுந்த மனுஷனின் மனதை, அவர் முகத்தைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை; யாரோ எழுதிய கதையில் அவர் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.