வேஷதாரி என்றாள் சித்தி

கல்யாணமே ஆகாதவளுக்கு ஊர் வைத்த பெயர் மாமியார். நாடகக் குழுவில் இருபத்தெட்டு வருஷமாகக் கொடுமைக்கார மாமியாராக வேஷம் கட்டியதால் வந்த பட்டம். பால் வாங்கப் போனால்கூடக் கடைக்காரர், "மாமியார் வந்தாச்சு, மருமகளுங்க எல்லாம் ஒதுங்குங்க" என்பார். அவளும் கண்ணை உருட்டிக் காட்டிவிட்டு வருவாள்.

வீட்டில் ஒரே அறை. ஜன்னலோரக் கட்டிலில் அம்மா. மூன்று வருஷத்துக்கு முன் பக்கவாதம் வந்து, அம்மாவின் வலது பக்கமும் பேச்சும் ஒரே நாளில் போயின. அன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது, சாப்பாட்டை மசித்து ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவள்தான். நாடகம் உள்ள நாட்களில் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவாள். கடைசிக் காட்சி முடிந்ததும் முகச்சாயத்தைத் துடைத்தும் துடைக்காமலும் திரும்புவாள்.

ஒரே அண்ணன் வெளியூரில் மேலாளர். இரண்டு மாதத்துக்கு ஒரு போன். "அம்மா எப்படி இருக்கு? தூங்குதா? சரி, எழுப்பாத." அவ்வளவுதான். "அம்மாவால பேச முடியலண்ணே, ஒருதரம் வந்து பாத்துட்டுப் போ" என்று முதல் மாதமே சொல்லியிருந்தாள். அவன் வந்தபாடில்லை.

ஒரு காலையில் அம்மா போய்விட்டாள். அண்ணன் காரிலிருந்து இறங்கும்போதே அழுகை. கட்டிலில் விழுந்து புரண்டவனைத் தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. அவளுக்கோ கண்ணீர் வரவில்லை. தூக்கம் கெட்டுக் கெட்டு உடம்பு மரத்துப்போயிருந்தது. அம்மாவின் குதிகால் புண்ணுக்குக் கட்டிய துணி அவிழ்ந்திருந்தது. குனிந்து அதைச் சரிசெய்தாள்.

அப்போதுதான் அம்மாவின் தங்கை, அவளுக்குச் சித்தி, பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "மேடையில மாமியார் திருந்துற காட்சியில குடம் குடமா அழுவா. பெத்தவளுக்கு ஒரு சொட்டு வரல பாரு. வேஷதாரி!"

அந்த வார்த்தை முள்ளாகத் தைத்தது. நான்கு நாள் கழித்து நாடகக் கொட்டகைக்குப் போனவள், ஒப்பனைக்காரரிடம் கேட்டே விட்டாள்.

"வேஷதாரின்னா என்னங்க?"

அவர் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். "வேஷம் தரிச்சவங்க. தரிக்கிறதுன்னா உடுத்திக்கிறது. நம்மதான் அது, வேற யாரு? ஊரை ஏமாத்துறவனுக்குப் பேர் வேணும்னதும் நம்ம பேரை எடுத்து அவனுக்கு ஒட்டிட்டாங்க."

"நம்மள ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

"நம்மளை யாரு கேப்பா?"

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. நோட்டீஸ் ஒட்டி, விளக்குப் போட்டு, இது வேஷம்தான் என்று சொல்லிவிட்டல்லவா நடிக்கிறோம்? திரை விழுந்ததும் கழுவித் தொலைக்கிறோமே! கழுவவே கழுவாதவனுக்கு எங்கள் பெயரா?

ஞாயிற்றுக்கிழமை ஒரு வாடகை அரங்கில் அஞ்சலிக் கூட்டம். ஏற்பாடு அண்ணன். அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் நின்று, கைக்குட்டையால் கண்ணை ஒற்றியபடி பேசினான். "வேலை என்னை வெளியூர்ல கட்டிப் போட்டுடுச்சு. ஆனா கடைசி நாள் வரைக்கும் அம்மாகிட்ட தினமும் போன்ல பேசுவேன். 'உன் குரலைக் கேட்டாதான்டா எனக்குத் தூக்கமே வரும்'னு போன வாரம்கூட அம்மா சொல்லுச்சு."

நாற்காலிகளில் மூக்கை உறிஞ்சும் சத்தம். சித்தி விம்மினாள். அண்ணனை நேராகப் பார்த்தபடி அவள் எழுந்து நின்றாள்.

"அண்ணே, அம்மாவுக்குப் பேச்சு போய் மூணு வருஷம் ஆச்சு."

அண்ணி கைப்பையில் எதையோ தேட ஆரம்பித்தாள். அண்ணன் வெளிறிப்போய், "துக்கத்துல ஏதோ வாய் தவறிடுச்சு" என்றான்.

"நாலு பேர் முன்னாடி கூடப் பொறந்தவனை இப்படியா பேசுவ?" என்று பாய்ந்தாள் சித்தி.

"பின்ன எப்படி பேசணும் சித்தி? நான் வேஷதாரிதான். சாயம் பூசிக்கிட்டு, எல்லாருக்கும் தெரிஞ்சு போடுறேன். அது என் தொழில், அந்தப் பேரு எனக்கே இருக்கட்டும். அண்ணனுக்கு வேற பேர் தேடிக்கோங்க."

யாரும் அவள் பக்கம் பேசவில்லை. அரங்கைவிட்டு வெளியேறும்போது, கூட்டத்தைக் கெடுத்துவிட்டாள் என்று முணுமுணுத்தார்கள். பொய் சொன்னவனின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார்கள்.

அண்ணன் அதற்கப்புறம் போன் செய்யவில்லை. சித்தியும் வாசல்படி மிதிக்கவில்லை. மாதம் ஒன்று போனதும், பக்கத்து வீட்டு அக்காவின் மாமனார் படுக்கையில் விழுந்தார். அவள் அம்மாவின் கட்டிலைப் பிரித்து அங்கே கொண்டுபோய்ப் பொருத்திப் போட்டாள். முதுகில் புண் வராமல் எப்படிப் புரட்டுவது என்று அக்காவின் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். கட்டில் இருந்த இடம் வெறிச்சென்று கிடந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. பார்க்க ஒருவரும் இல்லை.