மஞ்சளாகாத குழி

போடிக்காரி ஜெபஷீலா, தேனியில் ஒரு கால்நடை ஆய்வகத்தில் பதினோரு வருஷமாக ஒப்பந்த ஊழியர். கோழித் தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டுச் சளி எடுப்பது அவள் வேலை. இவள் கையைக் கண்டாலே கோழிகள் தொண்டையை மூடிக்கொள்ளும் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆரம்பத்தில் அவளும் சிரித்தாள்.

ஆயுத பூஜைக்கு மறுவாரம் பண்ணைப்புரத்து மாயக்காள் வந்தாள். அவளுடைய முந்நூறு நாட்டுக்கோழிகளில் இருபத்திரண்டு செத்துவிட்டன. மிச்சத்தைத் தீபாவளிக்குள் விற்றாக வேண்டும். பறவைக் காய்ச்சல் இல்லை என்று சான்று இல்லாமல் வியாபாரி வண்டியில் ஏற்றமாட்டார்.

அந்தக் கோழிகளின் தொண்டைச் சளியை ஜெபஷீலா சோதனைக்கு வைத்தாள். சோதனைத் தட்டின் குழிகளில் ஆன்டிபாடி பூசியிருக்கும். வைரஸின் புரதம் பட்டால் அது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்; குழி மஞ்சளாகும். சோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, கடைசிக் குழியில் அந்தப் புரதத்தையே ஊற்றுவார்கள். அது மஞ்சளாகியே தீர வேண்டும்.

ஆகவில்லை. எல்லாக் குழிகளும் வெறும் தண்ணீராக நின்றன. இன்னொரு தட்டை எடுத்தாள். அதுவும் அப்படியே. ஆன்டிபாடி கெட்டிருக்கிறது. ஆனால் அதை வைத்திருந்த குளிர்பெட்டி ஜில்லென்றுதான் இருந்தது. காவலாளி கோட்டைச்சாமியிடம் போனாள்.

"நான் லீவுல இருந்தப்ப கரண்டு கிரண்டு போச்சாண்ணே?"

"கரண்டு எங்க போச்சு? பூசைக்கு எல்லா மிசினுக்கும் பொட்டு வச்சு, 'வருசம்பூரா ஒழைக்குது, ரெண்டு நாள் ஓய்வு குடுப்போம்'னு ஐயாதான் சுவிட்சை அமத்தச் சொன்னாக. பிரிஜ்ஜையுமாய்யான்னேன். அது மட்டும் என்ன மாமியா வீட்டு மிசினான்னு சிரிச்சாக."

ஐயா என்றால் அதிகாரி சுயம்புலிங்கம். நுண்ணுயிரியலில் முனைவர். பட்டம் சுவரில் தொங்குகிறது. சுவிட்சை அணைக்கச் சொல்லும் வாய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"எதுலயும் மஞ்சள் இல்லேல்ல? நோய் இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. அந்தம்மா காலையிலருந்து உக்காந்திருக்கு" என்றார் அவர், ஜெபஷீலா நீட்டிய தட்டைப் பார்த்து.

"மஞ்சளாக வேண்டிய குழியே ஆகல சார். நோய் இருந்தாலும் இது காட்டாது."

"வெளியூர் லேபுக்கு அனுப்புனா மூணு வாரமாகும். தீவாளி முடிஞ்சிரும்."

"அனுப்புவோம் சார்."

'சோதனை செல்லாது' என்று எழுதினாள். காரணம் கேட்ட இடத்தில், குளிர்பெட்டி இரண்டு நாள் அணைக்கப்பட்டிருந்தது என்றும் எழுதிக் கையெழுத்திட்டாள். அரைமணியில் அவள் மேசைக்கு சுயம்புலிங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது: ஆன்டிபாடியைப் பாதுகாக்கத் தவறியதற்காக உங்களை ஏன் வேலையிலிருந்து நீக்கக்கூடாது? பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தாள். கோபம் வரும் என்று சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. எழுந்து வெளியே போனாள்.

"ஏத்தா, நோய் இருக்கா, இல்லையா?" என்றாள் மாயக்காள்.

"தெரியலக்கா."

"தெரியாமயா வெள்ளக்கோட்டு மாட்டிக்கிட்டு நிக்கிற?"

"முடிவு வர்ற வரைக்கும் ஒண்ணையும் விக்காதீக. வெறுங்கையால தொடாதீக. பிள்ளைகள அங்கன விடாதீக."

"விக்காம? தீவாளிக்கு நீ வந்து ஒல வைப்பியா?"

ஜெபஷீலா கையுறைப் பெட்டி ஒன்றை நீட்டினாள். வைதுகொண்டே அதை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு, மாயக்காள் பேருந்து நிலையம் பக்கமாக நடந்தாள்.