பெற்றோல் படாத வால்வு

களுவாஞ்சிக்குடியிலிருந்து மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றுக்கு நான் காரில் போய்வருகிறேன். குருமண்வெளித் துறையில் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் இயந்திரப் படகை நாங்கள் 'பாதை' என்போம். ஒரு காலை, பாதையில் ஏறும் பலகையில் முன்சக்கரங்கள் பட்ட நேரத்தில் கார் குலுங்கி நின்றுவிட்டது. திறப்பைத் திருப்பத் திருப்ப இருமியதே தவிர இயங்கவில்லை.

"டீச்சர், கிளினிக்குக்கு நேரமாகுது," என்றார் பின்னால் நின்ற ஒரு பெரியவர். ஆட்கள் இறங்கி என் காரைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பாதை என்னை விட்டுவிட்டுப் போனது.

கொஞ்ச நாளாகவே இருந்த அந்தக் குலுக்கத்துக்கு ஏற்கெனவே பிளக் மாற்றியாயிற்று, கொயிலும் மாற்றியாயிற்று. மெக்கானிக் கடைசியாக ஒரு போத்தல் மருந்தைத் தந்திருந்தார். "டாங்கில ஊத்துங்க, அழுக்கெல்லாம் கழுவிப் போகும்." மூன்று போத்தல் ஊற்றியிருந்தேன்.

காரைக் கராச்சுக்கு இழுத்துப்போக வந்த அத்தானுக்கு அன்று பெரிய சந்தோஷம். "எண்ட கார் உன்ட காரவிட எவ்வளவு பழசு? ஒருநாளாவது இப்பிடி நிண்டதா?"

எரிச்சலை அடக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டு எஞ்சின்களையும் பற்றித் தேடி வாசித்தேன். அத்தானுடைய காரில் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் காற்று போகும் குழாயில் இருக்கிறது. காற்றைச் சிலிண்டருக்குள் விடும் வால்வின் முதுகில் பெற்றோல் தெளித்துக்கொண்டே இருப்பதால் அது தானாகக் கழுவப்படுகிறது. என்னுடையதில் இன்ஜெக்டர் சிலிண்டருக்குள்ளேயே மிகுந்த அழுத்தத்தோடு பீய்ச்சுகிறது. பெற்றோல் மிச்சம், இழுவை அதிகம், எல்லாம் உண்மைதான். ஆனால் வால்வின் முதுகில் ஒரு சொட்டுப் பெற்றோலும் படாது. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் எண்ணெய்ப் புகை அங்கே படிந்து கரியாக இறுகிவிடும்.

அப்படியென்றால் அந்த மூன்று போத்தலும்?

அடுத்த நாளே கராச்சுக்குப் போனேன். "மருந்து பெற்றோலோடதானே போகும்? எண்ட எஞ்சினில பெற்றோல் வால்வுட முதுகில படுறதே இல்ல. அப்ப எதைக் கழுவிச்சு?"

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தார். "எல்லாருக்கும் இதத்தான் குடுக்கிறம், டீச்சர்."

"கழட்டிப் பாருங்க."

அவருக்கு மனமில்லை. நான் எழும்பவும் இல்லை. பின்னேரம் காற்றுக் குழாயைக் கழற்றி டோர்ச் அடித்தபோது, வால்வுகள் அடுப்பில் தீய்ந்த சட்டியின் அடியைப் போலக் கிடந்தன. கரியைக் கரைக்கும் வேறொரு மருந்தை நேரே அதில் ஊற்றி ஊறவிட்டுப் பிரஷால் சுரண்டத் தொடங்கினார். இருட்டுவதற்குள் எஞ்சின் குலுங்காமல் ஓடியது.

"இனி வராதுதானே?" என்றேன்.

"வரும். கொஞ்சக் காலம் ஓடினாப் பிறகு திரும்பவும் படியும்."

"இன்ஜெக்டர் சிலிண்டருக்குப் பக்கவாட்டில இல்லாம மேல நடுவில இரிக்கிற எஞ்சின் எண்டாப் படியாதா?"

"பெற்றோல் நல்லா எரியும். ஆனா அதிலயும் வால்வில படாதே. குழாயில ஒண்டு, சிலிண்டரில ஒண்டு எண்டு ரெண்டும் இரிக்கிற கார் வருது. அதுக்கு இந்தக் கரச்சல் குறைவு. அப்பிடி ஒண்டு எடுங்க."

ஏதோ சந்தையில் வெண்டிக்காய் எடுப்பதைப் போலச் சொன்னார். இந்தக் காரை விற்றவர் பெற்றோல் மிச்சத்தைப் பற்றித்தான் அன்று முழுக்கப் பேசினார். கரியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கார் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. எனக்குக் கோபம் மட்டும் இன்னும் தணியவில்லை.