பிரிக்காத கவர்

கொரட்டூர் சைக்கிள் கடையில் இருந்த ரோடு பைக்குகளில் என் பட்ஜெட்டுக்குள் வந்தது ஒன்றுதான். கியர் குறைவு, கனம் அதிகம். போகட்டும். வாசல் வெயிலில் அதன் பிளாஸ்டிக் கவர் சூடாகி மணத்தது. அந்த வாசனையில், சின்ன வயதில் இருந்த ஆவடி குவார்ட்டர்ஸ் வராந்தாவுக்கே போய்விட்டேன்.

ஏழாம் வகுப்பில் அப்பா எனக்குச் சைக்கிள் வாங்கினார். வளர்கிற பையனாம், யூனிஃபார்மைப் போலவே அதையும் பெரிதாக எடுத்துவிட்டார். கால் பெடலை எட்டவில்லை.

"எட்டினப்புறம் ஓட்டிக்கலாம். அதுவரைக்கும் கவரைப் பிரிச்சே, தோலை உரிச்சிடுவேன்."

தினமும் துடைத்தேன். தினமும் காலை வைத்துப் பார்த்தேன். ஒருவழியாக எட்டிய வருஷம் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பி அந்தச் சைக்கிளையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"எடுத்துக்கோங்க தம்பி, கவர்கூடப் பிரிக்கல" என்று அப்பா பெருமையாகத் தள்ளிக் கொடுத்தார். என்னை யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் கால் எட்டவில்லை.

"கவரோடவே எடுத்துக்கினு போறியா சார்? கீறல் வுழாது" என்றார் கடைக்காரர்.

நானே கிழித்தேன், ஒரு துண்டு விடாமல். ஏறி உட்கார்ந்தேன். இப்போது கால் நன்றாகவே எட்டுகிறது. முட்டிதான் மடங்க மாட்டேன் என்கிறது.