ஆள் வருது

சித்தியின் கையிலிருந்து அந்த மஞ்சள் பை பஸ் ஜன்னலுக்குள் போய் விழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் மடியிலிருக்கும் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். பைக்குள் இருந்தவை என் அசல் சான்றிதழ்கள். நர்ஸ் வேலைக்கான சரிபார்ப்பு மதுரையில், காலை பத்து மணிக்கு. அசல் இல்லாவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள்.

திருச்சுழியிலிருந்து மதுரைக்குப் போவதென்றால் அன்று எங்களுக்கு இரண்டு கண்டங்கள். அருப்புக்கோட்டைக்கு வர ஒரு பஸ். அது வந்தால் வந்ததுதான். அங்கிருந்து மதுரைக்கு இன்னொன்று. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் வண்டிகளில் பாதி ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போய்விடும். நுழைகிற ஒன்றிரண்டும் எங்கள் பஸ்ஸுக்காகக் காத்திருக்குமா என்ன? இந்த நேரங்களை எழுதி வைத்த புண்ணியவான் ஒருநாளும் பஸ்ஸில் போனவராக இருக்க முடியாது. அன்றும் நானும் சித்தியும் அருப்புக்கோட்டையில் வந்து இறங்கும்போது எட்டு மணி தாண்டிவிட்டது. பையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு நான் விசாரிக்கப் போனேன். அதற்குள் மதுரை பஸ் வந்து நிற்க, கூட்டம் வாசலை அடைக்க, சித்தி வழக்கம்போல ஜன்னல் வழியாக இடம் போட்டுவிட்டாள். துண்டோ கூடையோ போடுகிற கைக்கு அன்று அகப்பட்டது என் பை. நான் திரும்பி வந்து, இருவரும் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடுவதற்குள் விசில் அடித்து பஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

"அடுத்து பாளையம்பட்டில நின்னு ஆளேத்தும்த்தா, வா!" என்று சித்தி என்னை ஓர் ஆட்டோவுக்குள் தள்ளினாள். வழியெல்லாம் நான் அழவில்லை, கத்தினேன். "ஒன்னைய யாரு கூட வரச் சொன்னா? எம் பொழப்பையே தூக்கிப் போட்டுட்டியே!" சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாளையம்பட்டிக்கு நாங்கள் போய்ச் சேரும்போது பஸ் கிளம்பி நகர்ந்துகொண்டிருந்தது. சித்தி ஆட்டோ நிற்கும் முன்னே குதித்து, இரண்டு கையையும் விரித்தபடி பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

நான் நெருக்கித் தள்ளி ஏறினேன். நிற்பவர்களுக்கே கால் வைக்க இடமில்லை. ஆனால் ஜன்னலோர சீட்டில் என் பை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள், முன்பின் தெரியாதவர், அதன்மேல் கையை வைத்திருந்தார். "ஆள் வருது, ஆள் வருதுன்னு எத்தன பேர வெரட்டுறது? எங்கத்தா போன? ஒக்காரு," என்றார். வராத ஆளுக்காக அவர் அத்தனை பேரிடமும் சண்டை போட்டிருக்கிறார். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

எனக்குப் பின்னால் வந்த சித்திக்குப் படியில்கூட இடம் கிடைக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே ஓடி வந்து, "ஒக்காந்துட்டியா?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டது.

வேலை கிடைத்தது. இன்றும் அதே இரண்டு பஸ் மாறித்தான் ஊருக்குப் போகிறேன். ஒவ்வொரு முறையும் ஆட்டோவில் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போகிறேன். சித்தி வாசலிலேயே, "எடம் கெடச்சுச்சாத்தா?" என்று கேட்கிறாள். கிடைத்தது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.